சம்பளம் வாங்காத ரயில்காரர்கள்!

குட்டீஸ்... ரயிலின் கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு நிற்பாரே கார்டு, அவரைப் பார்த்திருப்பீர்கள்தானே? அவர் விசில் ஊதி, கொடி அசைத்தால்தான் வண்டி கிளம்பும். 1950-களின் தொடக்கத்தில் ஒரு நாள், ஒரு குட்டி ரயிலின் கார்டு பிளாட்பாரத்தைச் சரியாகப் பார்க்காமல் கொடியை அசைத்துவிட்டார். வண்டியும் புறப்பட்டுவிட்டது. பயணிகளுக்கு டீயும் தின்பண்டமும் விற்கிற அம்மா மட்டும் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டார்!

இப்படிக் கோட்டைவிட்ட கார்டு உண்மையில் ரயில்வே ஊழியரே இல்லை. அவர் ஒரு பாதிரியார். பெயர் வில்பர்ட் ஆட்ரி. விடுமுறைக்கு வந்த இடத்தில், ஒரு பைசா கூட வாங்காமல் கார்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 'தாமஸ்' என்ற நீல நிற என்ஜின் கார்ட்டூனைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணை உருட்டிப் பேசுமே, அதேதான். அந்தத் தாமஸைப் படைத்தவரே இவர்தான்!

தான் செய்த தப்பை ஆட்ரி மறைக்கவில்லை. அதையே கதையாக எழுதிப் புத்தகத்திலும் போட்டுவிட்டார். என்ன, கதையில் அவசரப்பட்டு ஓடுவது ஒரு குட்டி என்ஜின். பழியை அதன் தலையில் கட்டிவிட்டார் பாருங்கள்!

அது சரி, ஒரு பாதிரியார் எதற்காக ரயிலில் சம்பளமில்லாத வேலை பார்க்க வேண்டும்? அவர் ஒருவர் மட்டுமல்ல. அந்த ரயிலில் கரி போட்டவர்கள், புல் வெட்டியவர்கள், டிக்கெட் கிழித்தவர்கள் என்று பெரும்பாலோர் அப்படி வந்தவர்கள்தான். அவர்கள் வராமல் இருந்திருந்தால், அந்த ரயில் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

சிலேட்டு சுமந்த ரயில்

பிரிட்டனில் வேல்ஸ் என்று ஒரு பகுதி உண்டு. மலையும் மழையும் நிறைந்த இடம். அதன் மேற்குக் கடற்கரையில் டவின் என்ற சின்ன ஊர். அங்கிருந்து மலைக்குள் சுமார் 11.7 கிலோமீட்டர் போகிறது இந்த ரயில். பெயர், தாலிலின் ரயில்வே. (வேல்ஸ் மொழியில் இந்தப் பெயரைச் சரியாக உச்சரிப்பது வெளியூர்க்காரர்களுக்குப் பெரும் பாடு. நம் 'ழ' மற்றவர்களைப் படுத்துகிற மாதிரிதான்!)

உங்கள் தாத்தா, பாட்டி சின்ன வயதில் சிலேட்டில் எழுதிப் பழகியிருப்பார்கள். அந்தச் சிலேட்டு ஒரு வகைக் கல். தட்டினால் ஏடு ஏடாகப் பிரியும். தண்ணீர் உள்ளே இறங்காது. அதனால் பிரிட்டனில் வீட்டுக் கூரைக்கு ஓடு மாதிரி இதைத்தான் வேய்ந்தார்கள். வேல்ஸ் மலைகளில் இந்தக் கல் ஏராளம்.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த பஞ்சு நின்றுபோனது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்துப் பஞ்சாலைகள் தவித்தன. மெக்கானல் என்ற ஆலை முதலாளிக் குடும்பம், பஞ்சை மட்டும் நம்பியிருந்தால் சரிப்படாது என்று வேறு தொழில் தேடியது. வேல்ஸில் பிரின் எக்ளுவிஸ் என்ற சிலேட்டுச் சுரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்தது. வெட்டிய கல்லைக் கடற்கரைக்குக் கொண்டுவர ரயில் பாதை போட்டது. அமெரிக்காவில் சண்டை, வேல்ஸில் ரயில்! எங்கிருந்து எங்கே முடிச்சு விழுகிறது பாருங்கள்.

1866-ல் பயணிகளையும் ஏற்றத் தொடங்கினார்கள். சொத்து என்று பார்த்தால் 2 நீராவி என்ஜின், 4 பயணிகள் பெட்டி, 1 கார்டு வண்டி. அவ்வளவுதான். என்ஜின்களின் பெயர் 'தாலிலின்', 'டோல்கோக்'.

இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி தெரியுமா? உங்கள் 30 செ.மீ. ஸ்கேல் இரண்டை முனையோடு முனை சேர்த்து வையுங்கள். இன்னும் எட்டரை செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். மொத்தம் 686 மில்லிமீட்டர்தான்! நம் ஊட்டி மலை ரயிலே குட்டி ரயில்தான்; அதற்கு 1,000 மில்லிமீட்டர். இந்த 686 கணக்கை மறக்காதீர்கள். பின்னால் ஒரு மர்மத்துக்கு வேண்டும்.

பாதையைப் பார்வையிட வந்த அரசு அதிகாரி கேப்டன் டைலர் ஒரு குறை கண்டுபிடித்தார். பாதைக்கு மேலே கட்டிய பாலங்களின் உள்பக்கம் குறுகலாக இருந்தது. பாலத்துக்கு அடியில் வண்டி நின்றுவிட்டால், பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இறங்கக்கூட இடமில்லை. பாலங்களை இடித்துக் கட்டப் பணம் ஏது? ஒரு பக்கத்துக் கதவுகளை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். பாலத்தின் அடியில் தண்டவாளத்தை அந்தப் பக்கமாகச் சற்றுத் தள்ளிப் போட்டார்கள். கதவு திறக்கும் பக்கத்தில் இடம் கிடைத்துவிட்டது. செலவில்லாத வைத்தியம்!

ஒரு பெரியவரின் வாக்கு

1911-ல் சுரங்கமும் ரயிலும் ஹென்றி ஹெய்டன் ஜோன்ஸ் என்பவர் கைக்கு வந்தன. அந்தப் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அவர். சிலேட்டு வியாபாரம் வருடத்துக்கு வருடம் இறங்கிக்கொண்டே போனது. 1946 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சுரங்கத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. அதோடு சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

ஏற்றி வரக் கல்லே இல்லை. பிறகு ரயில் எதற்கு? 'நான் உயிரோடு இருக்கும்வரை ரயில் ஓடும்' என்று பெரியவர் வாக்குக் கொடுத்திருந்தார். நஷ்டத்தில்தான் ஓடியது. பாதையில் முழங்கால் அளவுக்குப் புல். கட்டைகள் உளுத்துப்போயின. 'தாலிலின்' என்ஜின் பழுதாகி ஷெட்டில் கிடந்தது. கிழட்டு 'டோல்கோக்' மட்டும் இருமிக்கொண்டே ஓடியது. அந்தச் சமயம் பிரிட்டிஷ் அரசு நாட்டிலிருந்த ரயில் நிறுவனங்களை எல்லாம் தன் கைக்குள் கொண்டுவந்தது. அந்தப் பட்டியலில் தாலிலின் இடம் பெறவே இல்லை!

1950 ஜூலையில் பெரியவர் காலமானார். வாக்கும் அவரோடு முடிந்தது. அந்தக் கோடைக் காலம் வரை ரயிலை எப்படியோ ஓட்டினார்கள். அதற்குப் பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்து எடைக்குப் போட வேண்டியதுதான் பாக்கி.

ஓட்டலில் கூடிய 70 பேர்

இங்கேதான் வருகிறார் டாம் ரோல்ட். பொறியாளராகப் பயிற்சி பெற்று, எழுத்தாளர் ஆனவர். பல வருடம் ஒரு படகிலேயே குடியிருந்தவர்! கால்வாய்களை மூடக் கூடாது என்று 1946-ல் ஒரு சங்கம் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். சும்மா இருக்கத் தெரியாத மனிதர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1950 அக்டோபர் 11-ம் தேதி, பர்மிங்ஹாம் நகரத்து ஓட்டல் ஒன்றில் ஒரு கூட்டம். சுமார் 70 பேர் வந்தார்கள். தலைமை ரோல்ட். 'இந்த ரயிலை நாமே எடுத்து நடத்தினால் என்ன?' என்பதுதான் பேச்சு. இன்றைக்குக் கேட்க இது சாதாரணமாக இருக்கும். அன்றைக்கு உலகத்தில் எங்குமே அப்படி ஒரு தன்னார்வக் குழு ரயில் நடத்தியதில்லை. ரயில் என்பது கம்பெனியின் வேலை, இல்லாவிட்டால் அரசாங்கத்தின் வேலை. வார விடுமுறையில் வருகிறவர்கள் என்ஜின் ஓட்டுவதாவது!

சிரித்தவர்கள் சிரிக்கட்டும் என்று வேலையில் இறங்கினார்கள். ரயிலின் மேலாளராக இருந்த எட்வர்ட் தாமஸ்தான் பெரியவரின் சொத்துக்களுக்கும் பொறுப்பாளர். அவரோடு பேசி முடித்தார்கள். 1951 பிப்ரவரி 8-ம் தேதி தாலிலின் ரயில்வே பாதுகாப்புச் சங்கம் ரயிலின் பொறுப்பை ஏற்றது. லாபம் வந்தாலும் யாரும் பங்கு போட்டுக்கொள்வதில்லை. எல்லாம் ரயிலுக்கே என்பது ஏற்பாடு. மே மாதத்துக்குள் ஏறக்குறைய 650 பேர் உறுப்பினராகிவிட்டார்கள்.

வெளியூர்களிலிருந்து சனி, ஞாயிறுகளில் வந்தார்கள். புல் வெட்டினார்கள். உளுத்த கட்டையைப் பெயர்த்துப் புதுக் கட்டை வைத்தார்கள். 1951 மே 14-ம் தேதி முதல் வண்டி! முழுத் தூரம் இல்லை, ரிடரோனன் என்ற ஸ்டேஷன் வரைதான். இழுத்துப் போனது 85 வயது 'டோல்கோக்'. அது மலையில் எங்காவது மூச்சை நிறுத்தியிருந்தால், மாற்று என்ஜின் கிடையாது. அந்தக் கோடை முழுக்க எல்லோருடைய உயிரும் அந்த ஒரே பாய்லரில்தான் இருந்தது.

அப்போது கரி அள்ளிப் போட்டவர்களில் ஜான் ஸ்நெல் என்று ஒரு பையன். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, கல்லூரியில் சேர்வதற்கு முன் வந்து நின்றவன்!

தடம் புரண்ட மர்மம்

இன்னொரு என்ஜின் கண்டிப்பாக வேண்டும். ஆனால் 686 மில்லிமீட்டர் பாதைக்கு யாரிடம் என்ஜின் இருக்கும்? அந்த அளவே அபூர்வம். அதிர்ஷ்டம் பாருங்கள், பக்கத்திலேயே காரிஸ் ரயில்வே என்று ஒன்று இருந்தது. அதே அளவு. 1948-ல் மூடிவிட்டார்கள். அதன் இரண்டு என்ஜின்கள் ஒரு ஸ்டேஷன் ஓரமாகக் கிடந்தன. தலா 25 பவுண்டுக்கு வாங்கிவிட்டார்கள். அவற்றின் எண்கள் என்ன தெரியுமா? 3, 4. தாலிலினில் இருந்தவற்றின் எண்கள் 1, 2! மாற்றி எழுதக்கூட வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் எண்ணுக்கு 'சர் ஹெய்டன்', நான்காம் எண்ணுக்கு 'எட்வர்ட் தாமஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

'சர் ஹெய்டன்' ஆசை ஆசையாகப் புறப்பட்டது. கொஞ்ச தூரம்தான். தடக்! தடம் புரண்டுவிட்டது. தூக்கி நிறுத்தினார்கள். மறுபடியும் தடக்! அதே பாதையில் 'டோல்கோக்' மட்டும் ஒழுங்காக ஓடுகிறதே, என்ன மாயம்?

பாதையை அளந்து பார்த்தார்கள். 686 இருக்க வேண்டிய இடத்தில் சுமார் 13 மில்லிமீட்டர் கூடுதல்! உங்கள் சுண்டுவிரல் அகலம்தான். பழைய கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே அப்படிப் போட்டிருந்தார்கள். 'டோல்கோக்' என்ஜினில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே தூரம் அதிகம். வளைவில் திரும்பும்போது நெருக்கும். அதற்காகப் பாதையை அகட்டி வைத்திருந்தார்கள். யாருக்கும் சொல்லவில்லை!

இரண்டு பெஞ்சுகளில் ஆளுக்கொரு காலை வைத்து நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பெஞ்சுகளைக் கொஞ்சம் விலக்குகிறார். பெரிய பாதம் உள்ளவர் சமாளித்துவிடுவார். சின்னப் பாதம் உள்ளவர் நடுவில் விழுவார். இங்கேயும் அதேதான். பழைய இரண்டு என்ஜின்களுக்கும் சக்கரத்தின் அகலம் அதிகம், தப்பித்துக்கொண்டன. புதிதாக வந்ததற்கு அகலம் குறைவு.

விடை தெரிந்துவிட்டது. வேலை? பாதையைப் பெயர்த்துச் சரியான அளவில் போட வேண்டும். போட்டார்கள்! கூடவே 'டோல்கோக்' என்ஜினின் பின் சக்கரம் வளைவில் அசைந்து கொடுக்கும்படி மாற்றி அமைத்தார்கள். சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். வருடக்கணக்கில் இழுத்தது. 'டோல்கோக்' திரும்ப ஓடத் தொடங்கியது 1963-ல்தான்.

நான்காம் எண்ணோ பெரிய நோயாளி. ஹன்ஸ்லெட் என்ற என்ஜின் தொழிற்சாலையின் தலைவர் ஜான் ஆல்காக்கும் இந்தச் சங்கத்தில் ஓர் உறுப்பினர். 'எங்கள் தொழிற்சாலைக்கு அனுப்புங்கள்' என்றார். பழுது பார்த்துக் கொடுத்தார், கட்டணம் வாங்கவில்லை. 1952-ல் அது ஓடத் தொடங்கியபோதுதான் 'டோல்கோக்'குக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது.

கரி போடவும் படிக்க வேண்டும்!

'தன்னார்வத் தொண்டர்' என்றால் ஆசைப்பட்டவுடன் என்ஜினில் ஏறிவிடலாம் என்று நினைக்கிறீர்களா? அதுதான் நடக்காது. முதலில் துடைக்க வேண்டும். எண்ணெயும் கரியும் அப்பிய என்ஜினைத் துணி வைத்துத் துடைத்துத் துடைத்தே அதன் ஒவ்வொரு பாகத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு ஃபயர்மேன். அதன் பிறகுதான், பரீட்சையில் தேறினால், டிரைவர். வருடங்கள் ஆகும்.

ஏன் இத்தனை கெடுபிடி? நீராவி என்ஜினின் வயிற்றுக்குள் ஓர் அடுப்பு இருக்கிறது. அந்த அடுப்பின் கூரைக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். குறைந்தால் கூரைத் தகடு சூட்டில் இளகி, பாய்லரே வெடித்துவிடலாம். அதற்காகக் கூரையில் ஈயம் அடைத்த ஒரு திருகு வைத்திருப்பார்கள். தண்ணீர் வற்றினால் முதலில் ஈயம் உருகும். நீராவி அடுப்புக்குள் பீறிட்டு எச்சரிக்கும். அந்தத் திருகை உருக விட்ட ஃபயர்மேன், அன்றைக்கு யார் முகத்திலும் விழிக்க முடியாது! வண்டி காலையில் புறப்பட வேண்டுமானால், பல மணி நேரம் முன்பே அடுப்பு மூட்ட வேண்டும். குளிரில், இருட்டில். சம்பளம்தான் கிடையாதே, எழுந்து வருகிறார்கள்!

எல்லோருக்கும் என்ஜின் மேல் கண். ஆனால் பாதைதான் ஆளை விழுங்கும். மழை ஊர் அல்லவா? புல், புதர், அடைத்துக்கொள்ளும் வாய்க்கால் என்று வேலை ஓயாது. அதில் சின்னப் பிள்ளைகளும் கைகொடுக்கிறார்கள். 'டிராக்சைடர்ஸ்' என்று அவர்களுக்குத் தனிக் குழுவே உண்டு. பெரியவர்கள் துணையோடு செடி நடுவார்கள், புதர் நீக்குவார்கள், வண்ணம் அடிப்பார்கள்.

1976-ல் பயணிகள் பாதையை மேலும் நீட்டினார்கள். முன்பு அபர்கினோல்வின் என்ற ஊரோடு நின்றுவிடும். அதற்கு மேல் சிலேட்டு வண்டிகள் மட்டும் போன பாதையில் பாறை வெட்டி, புதுத் தண்டவாளம் போட்டு, நான்ட் குவெர்னோல் வரை கொண்டுபோனார்கள்.

இன்னொரு சாதனையும் உண்டு. அயர்லாந்தில் சதுப்பு நிலத்தில் கிடைக்கும் 'பீட்' என்ற காய்ந்த மண்ணை எரித்து ஓடுவதற்காக, 1949-ல் கட்டிய ஒரு என்ஜினை வாங்கி வந்தார்கள். அதன் பாகங்களைக் கொண்டு தங்கள் பட்டறையிலேயே ஏறக்குறைய புது என்ஜினாகக் கட்டினார்கள். 1991-ல் அது ஓடத் தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் 'டாம் ரோல்ட்'. அவர் 1974-லேயே மறைந்துவிட்டார்.

ரயிலோடு நிற்கவில்லை

தாலிலினைப் பார்த்து மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. வேல்ஸிலேயே ஃபெஸ்டினியோக் ரயில்வே 1955-ல் மறுபடி ஓடியது. இங்கிலாந்தில் புளூபெல் ரயில்வே 1960-ல். இரண்டுக்கும் பின்னால் சம்பளம் வாங்காத ஆட்கள்தான்.

பழைய தொழிற்சாலைகளையும் இப்படிக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஜெர்மனியில் டுயிஸ்பர்க் என்ற ஊரில், 1985-ல் மூடிய ஓர் இரும்பு உருக்காலை. இடித்துவிடலாம் என்றார்கள். ஊர்மக்கள் குழு சேர்ந்து, 'கூடாது' என்றது. 1994-ல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது. உலைக்கு மேலே ஏறி ஊரைப் பார்க்கலாம். இரும்புத் தாது கொட்டி வைத்த சுவர்களில் மலையேறும் சங்கத்தினர் ஏறிப் பழகுகிறார்கள். எரிவாயு நிரப்பிய பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி, முக்குளிக்கிறார்கள்! ஆனால் அங்கே உலை குளிர்ந்தது குளிர்ந்ததுதான். தாலிலினில் அடுப்பு இன்னும் எரிகிறதே, எனக்கு அதுதான் ஆச்சரியம்.

2021-ல் யுனெஸ்கோ, வடமேற்கு வேல்ஸின் சிலேட்டுப் பகுதிகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பிரின் எக்ளுவிஸ் சுரங்கமும், அபர்கினோல்வின் ஊரும், இந்த ரயிலும் அதில் அடக்கம். நம் ஊட்டி ரயில் 2005-லேயே இடம் பிடித்த அதே பட்டியல்தான்.

பட்டியலில் சேர்ந்ததால் கவலை தீர்ந்துவிடவில்லை. 2023 நவம்பரில் தெற்கு வேல்ஸில் ஃபோஸ்-ஒய்-ஃபிரான் என்ற நிலக்கரிச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பிரிட்டனின் பல நீராவி ரயில்களுக்கு நல்ல கரி கொடுத்த சுரங்கம் அது. நிலக்கரி எரிப்பது பூமிக்கு நல்லதில்லை என்பதும் உண்மைதானே? அதனால் இப்போது கரித்தூளோடு வேறு பொருள்கள் கலந்து செய்த உருண்டைகளைப் போட்டுப் பார்க்கிறார்கள். ஒவ்வோர் எரிபொருளும் ஒவ்வொரு மாதிரி எரியும். அத்தனை வருடம் கரி போட்டுப் பழகிய ஃபயர்மேன்கள் மறுபடி பாடம் படிக்க வேண்டியிருக்கிறது.

டவின் ஸ்டேஷனிலேயே குட்டி ரயில்களுக்கு ஓர் அருங்காட்சியகம் உண்டு. ஆட்ரி உட்கார்ந்து எழுதிய அறையை அப்படியே அமைத்து வைத்திருக்கிறார்கள். பெரியவர்களாகி என்றைக்காவது அந்தப் பக்கம் போனால் பாருங்கள். ரயிலில் ஏறும்போது, அந்தப் பக்கத்துக் கதவைத் தேடாதீர்கள். இன்றைக்கும் ஒரு பக்கம்தான் கதவு. கார்டு கொடியை எடுத்ததும், டீ விற்பவர் ஏறிவிட்டாரா என்று மட்டும் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்!